இரண்டாவது பிள்ளைக்குத் துணி: முதல் வெட்டு மூத்தவளுக்கு

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஐந்தாம் மாதம் நடக்கிறது, மூத்தவளுக்கு நாலு வயது, கார்த்திகைக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். முதல் பிள்ளைக்கு எல்லாமே கடையில் வாங்கியாயிற்று, இந்தப் பிள்ளைக்காவது என் கையால் தைக்க வேண்டும், ஸ்வெட்டரும் தொப்பியும் பின்ன வேண்டும் என்று ஆசை. மாமியாரோ பிறக்கும் முன்னே புதுத்துணி தைத்து வைக்கக் கூடாது என்கிறார். எங்கிருந்து தொடங்குவது, எத்தனை தைப்பது, நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி ஆகுமா என்பது கேள்வி.

காரைக்குடியில் முப்பது வருஷமாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். நானும் இரண்டு பெற்றவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மாமியார் சொன்னது. அதற்காக அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர் வேண்டாம் என்பது புதுத்துணியை. உங்களுக்கு இப்போது வேண்டியது பழந்துணி. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய வேட்டித் துணிதான் சுற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் வைத்திருப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. புதுத்துணியில் பசை இருக்கும், சாயம் இருக்கும், ஆலையில் போட்ட மெருகு இருக்கும். நூறு தடவை வெளுத்த வேட்டியில் இது எதுவும் கிடையாது. நூல் தளர்ந்து பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். ஆகவே அத்தையிடமே போய், “வீட்டில் பழைய வேட்டி இருந்தால் கொடுங்கள் அத்தை, மாமா கட்டியதாக இருந்தால் இன்னும் நல்லது” என்று கேளுங்கள். எந்த மாமியாரும் இதற்கு மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. அலமாரியைத் திறந்து அவரே எடுத்துத் தருவார். புதுத்துணியை வாங்கி, நனைத்து, காய வைத்து, வெட்டாமல் மடித்து வையுங்கள். பேர் வைக்கிற நாளுக்கு வேண்டியதைப் பிறந்த பிறகு தைத்துக்கொள்ளலாம். ஜப்லா தைக்க ஒரு மணி நேரம்தான் ஆகும்.

வேட்டி கிடைத்ததும் முதல் வேலை கஞ்சியை எடுப்பது. கொதிக்கிற நீரில் அரை மணி ஊற வைத்து, வாசனை இல்லாத சோப்பில் இரண்டு தடவை அலசி, முற்றத்து வெயிலில் காயப் போடுங்கள். நீலம் போட வேண்டாம். கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், ஜரிகைக் கரையாக இருந்தால் கட்டாயம். குழந்தையின் தொடை இடுக்கில் ஜரிகை பட்டால் அரை நாளில் சிவந்துவிடும். வெறும் பருத்திக் கரையாக இருந்தால் எறிய வேண்டாம், ஜப்லாவுக்கு நாடா ஆகும். எட்டு முழ வேட்டியில் இரண்டடிச் சதுரமாகப் பன்னிரண்டு துண்டு வரும். ஓரத்தை மெல்லிசாக மடித்து ஒரு தையல் போட்டால் போதும். முக்கோணமாக மடித்துக் கட்டினால் அதுதான் அரைத்துணி.

எத்தனை என்ற கேள்விக்கு எல்லாரும் குழந்தையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். நான் கொடியைப் பார்த்துப் போடச் சொல்வேன். சித்திரையில் பிறக்கிற பிள்ளைக்குக் காலையில் துவைத்தது பதினோரு மணிக்குக் காய்ந்துவிடும், பதினைந்து துணி தாராளம். உங்களுக்குக் கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்தால் கார்த்திகை முழுக்க முற்றம் ஈரமாகவே கிடக்கும். தாழ்வாரத்தில் கொடி கட்டினாலும் ஒரு துணி காய ஒன்றரை நாள் பிடிக்கும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பன்னிரண்டு துணி நனைக்கும், நனைந்தது துவைத்துக் காய்ந்து கைக்கு வர மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் முப்பத்தாறு துணி வேண்டும். மூன்று எட்டு முழ வேட்டி. ஜப்லா எட்டு, சுற்றி வைக்க ஒரு மீட்டர் சதுரத் துணி ஆறு. லேசாக ஈரம் இருக்கிற துணியை இஸ்திரி போட்டுக் காய வைத்துப் பிறகு கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் இடுக்கில் புண் வந்துவிடும்.

இப்போது ஜப்லா. கடைகளில் விற்பதைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். பிறந்த குழந்தையின் மார்புச் சுற்று பதின்மூன்று பதினாலு அங்குலம் இருக்கும், தலைச்சுற்று 33 முதல் 35 சென்டிமீட்டர். அதாவது தலையும் மார்பும் ஏறக்குறைய ஒரே சுற்று. கழுத்தோ நிற்காது. அதனால் தலை வழியாக மாட்டுகிற சட்டை முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டவே வேண்டாம். முன்பக்கம் திறந்து நாடா கட்டுகிற ஜப்லாதான் நல்லது. பின்பக்கம் திறக்கிறதும் வழக்கத்தில் இருக்கிறது, ஆனால் மல்லாந்து படுக்கிற பிள்ளைக்கு முடிச்சு முதுகில் உறுத்தும்.

பதினேழு அங்குல அகலம், இருபத்திரண்டு அங்குல நீளத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தை இரண்டாக மடித்து, அகலத்தையும் இரண்டாக மடித்தால் எட்டரைக்குப் பதினொன்று என்று நாலு அடுக்கு வரும். நீளத்தை மடித்த மேல் மடிப்புதான் தோள், தோளில் தையலே கிடையாது. நடு மடிப்பிலிருந்து ஐந்தரை அங்குலம் உடம்புக்கு, மேலிருந்து நாலரை அங்குலம் கைக்கு. மிச்சமிருக்கும் கீழ் மூலையை வெட்டி எடுத்தால் உடம்பும் கையும் ஒரே துணியாக நிற்கும். அக்குளில் கூர்மையாக வெட்டாமல் வளைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் அங்கேதான் முதலில் கிழியும். கழுத்துக்கு நடு மடிப்பிலிருந்து ஒன்றே முக்கால் அகலம், முன்பக்கம் இரண்டங்குல ஆழம், பின்பக்கம் அரை அங்குலம். முன் துணியை மட்டும் நடுவில் நேராகப் பிளந்து, கழுத்துக்கும் பிளவுக்கும் அதே துணியில் குறுக்குப்பட்டி, அதாவது இழைக்குச் சாய்வாக ஒரு பட்டி, வெட்டி ஓரம் கட்டுங்கள். வேட்டியில் வெட்டுவதற்கும் இதே அளவுதான். புதுத்துணியாக இருந்தால், முப்பத்தாறு அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீட்டர் எடுத்தால் மூன்று ஜப்லா வந்து பட்டிக்கும் மிஞ்சும். ரூபியா அல்லது மல் என்கிற மெல்லிசுத் துணி எடுங்கள். பாப்ளின் முதல் மாதத்துக்கு முரடு. வாங்கியதை ஒரு ராத்திரி முழுக்க ஊற வைக்காமல் கத்தரி வைக்காதீர்கள். பருத்தி சுருங்கும், ஜப்லா அளவில் அரை அங்குலம் சுருங்கினாலும் கை ஏறாது.

பக்கத் தையலை வெளிப்பக்கம் வருகிற மாதிரிப் போடுங்கள். பார்க்கிறவர்கள் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறது என்பார்கள், சொல்லட்டும். உள்பக்கம் வழுவழுவென்று இருப்பதுதான் குழந்தைக்கு முக்கியம். மெஷினில் பதினோராம் நம்பர் ஊசி மாட்டுங்கள். பதினாலு மல் துணியில் ஓட்டை விடும். நாடா ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற நாடா எந்தத் துணியிலும் கூடாது. பொத்தான் வைக்க ஆசை இருந்தால் ஆறு மாதம் கழித்து வையுங்கள். அப்போதும் உங்கள் பலம் முழுக்கக் கொடுத்து இழுத்துப் பாருங்கள், ஏனென்றால் அந்த வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

மூத்தவள் போட்ட துணிகளையும் நிச்சயம் எடுத்து வைத்திருப்பீர்கள். அந்தப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தால் மட்டும் நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். ஆச்சிமார் மரப்பெட்டிகளில் காலங்காலமாக அதைப் போட்டு வைக்கிறார்கள், திறந்தாலே அந்த வாசனை வரும். நாப்தலீன் உருண்டையின் ஆவி பட்ட துணி, ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். உங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பிறக்கும் முன் தெரியாது. ஒரு தடவை துவைத்து ஒரு நாள் வெயில் காட்டினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். வாசனை ஏறின துணியைப் பிறந்த குழந்தைக்குப் போடவே போடாதீர்கள். தொட்டில் சேலைக்கும் இதே விதிதான். இனி எடுத்து வைப்பதற்கு நன்றாகக் காய்ந்த வேப்பிலையோ வசம்போ ஒரு துணிமுடிச்சில் கட்டிப் போட்டால் போதும்.

தொட்டிலுக்குக் கண்டாங்கி நல்ல துணி. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு புதுச்சேலைக்குத்தான் எல்லாரும் கடைக்குப் போகிறார்கள். பிள்ளைக்கு வேண்டியது அப்பத்தா கட்டி நைந்த கண்டாங்கி. புதுக் கண்டாங்கி நூல் தடிப்பு, அரக்கும் கறுப்பும் முதல் சில அலசலில் சாயம் விடக்கூடும். பழையது கனம் தாங்கும், காற்றும் போகும். நடுவில் இற்றிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இற்றுப்போன சேலையைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மூன்றாக மடித்து, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டால் தரையில் விரிக்க மூன்றடி அகலத்தில் விரிப்பு ஆகிவிடும். ஆத்தங்குடிக் கல் மார்கழியில் எப்படிக் குளிரும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த விரிப்பு பிள்ளைக்கு மூன்று வருஷம் உழைக்கும். நான் இதுவரை தைத்ததில் மிகவும் பிரியமானது எது என்று கேட்டால், மெஷினில் தைத்த எதையும் சொல்ல மாட்டேன், என் மாமியாரின் சேலையில் தைத்த அந்த விரிப்பைத்தான் சொல்வேன்.

இனிப் பின்னல். என் இரண்டாவது பிள்ளை சித்திரையில் பிறந்தான். அதற்கு முன் ஆறு மாதம் உட்கார்ந்து ஸ்வெட்டர் மூன்று, தொப்பி நாலு, காலுறை இரண்டு ஜோடி பின்னினேன், எல்லாம் கடையில் கம்பளி நூல் என்று கொடுத்ததில். ஒரே ஒரு நாள் தொப்பி போட்டேன். சாயங்காலம் தலை முழுக்க வேர்க்குரு. நம் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பாலானது அக்ரிலிக். அது வேர்வையை இழுக்காது. வாங்கும்போது ஒரு இழை கேட்டு வாங்கி வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். ஆட்டுக் கம்பளி முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணி மாதிரி உருண்டு நிற்கும். உருண்டால் அந்த நூலில் பையோ பொம்மையோ பின்னிக்கொள்ளலாம், பிள்ளைக்கு வேண்டாம்.

உங்களுக்குக் கார்த்திகை என்பதால் பின்னுவதில் அர்த்தம் இருக்கிறது. மார்கழி, தை விடியலில் இங்கே இருபது, இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கும், ஆஸ்பத்திரி அறையில் ஏசி இருக்கும். நாம் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூட, அதுதான் குழந்தைக்குக் கணக்கு. பருத்தி நூலில் முன்திறப்பு ஸ்வெட்டர் ஒன்று, தொப்பி இரண்டு, போர்வை ஒன்று. அதோடு நிறுத்துங்கள். ஸ்வெட்டரை மூன்று மாதப் பிள்ளை அளவுக்கு, பதினெட்டு அங்குலச் சுற்றில் பின்னுங்கள். பிறந்த அளவுக்குப் பின்னினால் தை பிறக்கும்போது பிடிக்கும். மாசி வந்தால் எப்படியும் பெட்டிக்குள் போய்விடும்.

நம் கடைகளில் கிடைக்கிற பின்னல் ஊசிகளில் பழைய இங்கிலீஷ் நம்பர் இருக்கும். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். பத்தாம் நம்பர் என்பது மூன்றேகால் மில்லிமீட்டர். நாலு இழை நூலுக்கு அது சரியாக இருக்கும். பருத்தி நூல் கம்பளி மாதிரி இழுத்தால் திரும்பி வராது, ஆகவே விளிம்புப் பட்டியை மட்டும் பன்னிரண்டாம் நம்பர் ஊசியில் பின்னுங்கள். முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். இருபத்தெட்டு வந்தால், 35 சென்டிமீட்டர் தலைக்குத் தொப்பி கொஞ்சம் இறுக்கமாக 32 சென்டிமீட்டர் சுற்று வேண்டும், தொண்ணூறு கண்ணி ஏற்றினால் சரியாக வரும். மாதிரி பின்னாமல் தொடங்குகிறவர்கள் பாதியில் பிரிக்கிறதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குக் குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் பின்னுவது, தெரிந்திருந்தால் அதையே செய்யுங்கள். இந்த ஊர்ப் பெண்கள் ஓலைக் கொட்டானுக்கு நூல் பின்னி உறை போட்டவர்கள். அந்தக் கொக்கியும் மெல்லிசுப் பருத்தி நூலும் பழைய வீடுகளில் எங்காவது ஒரு டப்பாவில் இன்னும் கிடக்கும், ஆயாவிடம் கேட்டுப் பாருங்கள். ஜப்லாவின் கீழ் ஓரத்தில் ஒரு வரிசை சின்ன வளைவு போட்டால் அவ்வளவு அழகாக இருக்கும். கழுத்திலும் கையிலும் போட வேண்டாம், உறுத்தும். போர்வையில் பெரிய ஓட்டை விடுகிற டிசைன் வேண்டாம், விரல் மாட்டும். பின்னிய போர்வை மடியில் வைத்திருக்கும்போதும் வெளியே தூக்கிப் போகும்போதும் மட்டும்தான். தூங்குகிற பிள்ளை மேல் தளர்வாகப் போர்த்துவதும் வீட்டுக்குள் தொப்பியோடு தூங்க வைப்பதும் வேண்டாம். முகத்தில் விழுந்தால் தள்ளத் தெரியாது, தலை மூடியிருந்தால் சூடும் வெளியேறாது.

கையுறை, காலுறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே தொங்குகிற ஒற்றை நூல் விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். குழந்தை வீறிட்டு அழும், எதனால் என்று யாருக்கும் தெரியாது. தைத்தாலும் பின்னினாலும் உள்பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு நூல் முனையையும் வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும், ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் அழுதால் முதலில் விரல்களைப் பாருங்கள். என்னைக் கேட்டால் கையுறையே வேண்டாம், தூங்கும்போது நகத்தை வெட்டிவிடலாம்.

உங்கள் உடம்புக்கு: வெட்டுகிற வேலை எல்லாவற்றையும் ஏழாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், தரையில் குனிந்து அல்ல, மேசை மேல். அதற்கப்புறம் வயிறு மெஷினை எட்ட விடாது. மிச்ச நாளுக்குக் கைத்தையலை ஒதுக்கி வையுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். ராத்திரியில் விரல் மரத்துப் போவது கர்ப்பத்தில் நிறையப் பேருக்கு வரும், பின்னினால் கூடும், அப்போது ஊசியைக் கீழே வைத்துவிடுங்கள். முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். அப்புறம், உங்களுக்கும் முன்பக்கம் திறக்கிற பருத்தி நைட்டி இரண்டு தைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு எட்டு ஜப்லா தைத்துவிட்டுத் தனக்கு ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் என் வகுப்பிலேயே பலர்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்ததில் முக்கியமானது மூத்தவள் விஷயம். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் போட்ட மஞ்சள் கவுன் ஒன்று, போன வருஷமே சின்னதாகிவிட்டது. தம்பிக்கு ஜப்லா வெட்டத் துணி நல்ல மிருது என்று ஒரு மத்தியானம் வெட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் மேசை மேல் கிடந்த கவுன் கையைப் பார்த்தாள். “என் கவுனை ஏன் ஆத்தா பாப்பாவுக்கு வெட்டினே?” என்று கேட்டாள். அழுது தீர்க்கவும் இல்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறந்த பிறகு அந்த ஜப்லாவைத் தம்பிக்குப் போடவே அவள் விடவில்லை. அவளுக்கு வயது முப்பது தாண்டிவிட்டது, இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

ஆகவே முதல் வெட்டு மூத்தவளுக்கு. அவளுடைய துணிப்பெட்டியை அவளோடு உட்கார்ந்து திறங்கள். எதைப் பாப்பாவுக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று அவள் சொல்லட்டும். கொடுக்க மாட்டேன் என்றதை மடித்து அவள் பேரிலேயே வையுங்கள், அந்துருண்டை இல்லாமல். பிறகு அவள் தேர்ந்தெடுக்கிற துணியில் அவளுக்கு ஒரு பாவாடை, அவள் பொம்மைக்கு ஒரு ஜப்லா. பொம்மை ஜப்லா உங்களுக்கும் ஒத்திகை ஆகும். மேலே சொன்ன அளவைப் பாதியாக்கி வெட்டினால் போதும், ஓரப்பட்டி கட்டக் கை பழகிவிடும். மெஷின் பக்கம் விடாதீர்கள், குண்டூசி டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். நாடாவைத் திருப்பி இழுக்கிற வேலையை அவளிடம் கொடுங்கள், நாலு வயதுக் கைக்கு அது நன்றாக வரும்.

எட்டு ஜப்லாவும் முடிந்ததும் அதில் ஒன்றை அவளையே எடுக்கச் சொல்லி, துவைத்து மடித்து அவள் பையில் வைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் பாப்பாவைப் பார்க்க வரும்போது அவள்தான் கொண்டு வர வேண்டும்.